இடது பக்கம் ஐந்து மில்லிமீட்டர்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கப்பல் பட்டறையில் உன் பேனாவையும் எதோடாவது சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டாயோ என்று உன் அத்தான் கேட்கிறார்.

நம் கார் ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தக் காலில் நின்றது. நீ வேலைக்குக் கிளம்பியபோது அது நீ ஒட்டிவைத்த வெறும் இரும்புக் குழாய்ச் சட்டம். இப்போது எஞ்சின், இரண்டு இருக்கை, நான்கு சக்கரம் எல்லாம் ஏறிவிட்டன. நான் ஜாக்கியை இறக்கும்போது உன் அத்தான் ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டார். கேட்டால், ஓட வசதியாக இருக்குமாம்.

நின்றதே ஒழிய, நின்ற அழகு சரியில்லை. விருந்தாளியைப் பிடிக்காத நாய் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னே, இதுல ஏற ஏணி வேணும் போலிருக்கே" என்கிறார் இவர். நாள் முழுக்க பஸ்ஸில் மச்சு உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவள் நான். ஒரு தடவையாவது ரோட்டை ஒட்டி உட்கார்ந்து ஓட்டவேண்டும் என்றுதானே இதை ஆரம்பித்தோம். ஸ்பிரிங்கைக் கீழிருந்து தாங்குகிற மரை வளையத்தை எவ்வளவோ இறக்கிப் பார்த்துவிட்டேன். மசியவில்லை.

இன்னொன்று. இரண்டு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கும் என்று பார்த்துத்தான் உயரம் வைக்கவேண்டும். முதல் ஓட்டத்தில் என் பக்கத்தில் உட்காரப்போவது நீ. அது வரைக்கும் உன் கனத்துக்கு மணல் மூட்டை வைத்துக்கொள்கிறேன். உன் எடை எவ்வளவு? தொப்பை போட்டிருந்தாலும் மறைக்காமல் எழுது.

உடனே பதில் போடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். ஓவர்டைம் அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

கார் நின்றதைப் படித்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னேன். "உங்க அக்காவா, காரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மூக்கைத் தூக்குவது காரின் குற்றமில்லை, உன் அவசரம். சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கிற கைகள் இருக்கின்றனவே, அவற்றின் போல்ட்டையெல்லாம் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டாய், சரிதானே? உள்ளே இருக்கிற ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும். கீழே வைத்தாலும் முறுக்கிக்கொண்டு காரை மேலே தள்ளும். எல்லா போல்ட்டையும் தளர்த்து. ஆளும் மூட்டையும் ஏறி, கார் அதன் உயரத்தில் உட்கார்ந்த பிறகு, அந்த நிலையிலேயே வைத்து இறுக்கு. ஒவ்வொரு தடவை வளையத்தைத் திருப்பிய பிறகும் காரை நாலு அடி முன்னே தள்ளிப் பின்னே இழு, அப்போதுதான் டயர் தரையோடு மல்லுக்கட்டாமல் அடங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஷெட் தரை மட்டமா என்று பார். அந்தத் தரையில் கோலிக்குண்டு தானாக ஓடும்.

சட்டத்தின் அடியிலிருந்து தரை வரைக்கும் முன்னால் 110 மில்லிமீட்டர், பின்னால் 120 வை. மூக்கு கொஞ்சம் தாழ்ந்தே இருக்கட்டும்.

என் எடை அதே எழுபத்தாறுதான். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ குப்புறப் படுத்து எழுதுகிற அளவுக்கு அலுத்துப்போகிறாய் என்றால் ஓவர்டைமைக் குறைத்துக்கொள். காசு எங்கேயும் ஓடிவிடாது.

நீ சொன்னது அத்தனையும் சரி. போல்ட்டைத் தளர்த்தினேன், பெருமூச்சு விட்ட மாதிரி கார் தணிந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது. தரையை ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். வலது பின் மூலை பள்ளம். பழைய தரை ஓடுகளை அடுக்கிச் சரிசெய்தேன். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து இருக்கையில் எழுபத்தாறு கிலோ மணல், இரண்டு மூட்டையாக. அளக்கிற வேலை உன் அத்தானுக்கு.

தம்பி, இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவர், ஒரு அளவுகோலைப் படுத்துக்கொண்டு பார்த்தால் படிக்கத் தெரியவில்லை. தலைகீழாகப் பார்த்துவிட்டு "நூத்திப் பத்தொம்பது" என்றார். நான் இறங்கி, வளையத்தைத் திருப்பி, காரைத் தள்ளி, மறுபடி ஏறி உட்கார்ந்தேன். "இப்ப நூத்திப் பதிமூணு." எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் தடவைதான் அவர் அசடு வழிந்துகொண்டே, "ஏம்மா, முதல்ல பார்த்த ஒம்பது ஆறா இருக்குமோ?" என்றார். அரை நாள் போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டை அவரையே சமைக்க வைத்தேன்.

ஆனால் முடித்துவிட்டோம். நான்கு மூலையும் நீ சொன்ன அளவில். பாய்வதற்கு முன்னால் பூனை பதுங்குமே, அப்படி உட்கார்ந்திருக்கிறது. ஷெட் விளக்கை அணைக்க மனசு வரவில்லை.

இன்னும் நம்பர் வாங்கவில்லை, ரோட்டில் ஓட்ட முடியாது. ஆனால் நீ ஒரு நாள் வந்து அந்த மூட்டையின் இடத்தில் உட்காரவேண்டும். சும்மா உட்கார்ந்தால் போதும். எப்போது வருகிறாய்?

உன் அக்கா

*

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

வருகிற இருபதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். அன்று சாயந்திரமே திரும்பவேண்டும், தங்க முடியாது. விசேஷமாக எதுவும் சமைக்காதே. ஸ்டேஷனுக்கும் வரவேண்டாம், நானே வந்துவிடுவேன்.

உன் தம்பி

*

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நாங்கள் நலம். நீ விட்டுப்போன கம்பளித் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

நீ வந்துபோன நாளிலிருந்து காரைப் பற்றி ஒரு சந்தேகம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ மூட்டையின் இடத்தில் உட்கார்ந்தாய். அவ்வளவு தடியான கோட்டைக் கழற்றச் சொன்னேன், குளிர்கிறது என்றாய். உன் அத்தான் படுத்து அளந்தார். மூன்று மூலை ஏறக்குறைய சரியாக இருந்தது. இடது பின் சக்கரத்துக்கு வந்ததும் "நூத்தி இருபத்தஞ்சு" என்றார். நான், "நூத்தி இருபது. திரும்பிப் பாருங்க" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அளவுகோலை நேராகப் பிடித்துப் பார்த்தார். "இல்லம்மா. சரியாத்தான் சொன்னேன்" என்றார். நான் உன் பக்கம் பார்த்தேன். நீ ஸ்பீடு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாய். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அதன் பிறகு நீ நிறையப் பேசினாய். சட்டத்தில் ஒட்டிய இடமெல்லாம் தடவிப் பார்த்தாய். சாப்பாடு பிரமாதம் என்றாய், தட்டில் பாதி அப்படியே இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. நீ ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய்.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்து மூட்டைகளைத் திரும்ப ஏற்றினேன். இடது பக்கம் 120-க்கு இறங்கியது. ஆகவே ஸ்பிரிங்கில் கோளாறு இல்லை. பிறகு ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, குவளையால் மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டினேன். நீ உட்கார்ந்திருந்தபோது கார் எப்படி நின்றதோ, அதே மாதிரி நிற்கும் வரை. மிச்சமிருந்த மணலை மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன்.

ஐம்பத்தெட்டு கிலோ. கோட்டையும் பூட்ஸையும் சேர்த்து.

நான் எதையும் கிளறவில்லை. கார் தப்பாக அமைந்துவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன். எந்தக் கனத்துக்கு வைக்கட்டும், சொல்.

உன் அக்கா

*

ஏப்ரல் 16

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தான் எழுதுகிறேன். நான் கடிதம் எழுதுகிறேன் என்பது உங்கள் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம்.

அவள் கடிதம் போட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் எழுதும் வரை அவள் மறுபடி எழுதமாட்டாள், அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் வேலை முடிந்து உள்ளே நுழைந்ததும், "யாராவது வந்தாங்களா?" என்று கேட்கிறாள். தபால்காரரைத்தான் கேட்கிறாள். "யாரும் வரலை" என்கிறேன். சரி என்று முகம் கழுவப் போய்விடுகிறாள். குழாயை மூட வெகு நேரம் ஆகிறது.

காரைத் தொடவே இல்லை. மேலே ஒரு படுதாவைப் போர்த்திவிட்டாள்.

நான் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறவன், எனக்குப் பெரிதாகப் பேசத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்து மறைக்கிறீர்கள் என்றால், அவளால் தாங்க முடியாதது இப்போது இருக்கிற இதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தான்

*

ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருக்கவேண்டும்.

நான் பட்டறையில் இல்லை. டிசம்பரிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு நெஞ்சு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். காசநோய். கடிதங்களைப் பட்டறை நண்பன் ஒருவன் வாரத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து தருகிறான், அதனால்தான் பதிலுக்கு அவ்வளவு நாள் ஆகும். பக்கத்துக் கட்டில்காரர் என்றேனே, அவரும் நோயாளிதான்.

பயப்படாதே. மருந்து ஒத்துக்கொண்டது. இனி மற்றவர்களுக்குப் பரவாது என்று டாக்டர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உன் வீட்டுப் படி ஏறினேன். அப்படியும் உன் முகத்துக்கு நேரே மூச்சுவிடப் பயமாக இருந்தது. இருமல்தான் இன்னும் விடவில்லை. சிரித்தால்கூடப் பிடித்துக்கொள்கிறது, அதனால் வார்டில் யாராவது ஜோக் சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவுக்கு இதே நோய் வந்தபோது எனக்கு எட்டு வயது. நீ மெஷின் வரைபடப் படிப்பில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பலகையையும் பென்சிலையும் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு இரண்டு வருடம் அப்பாவின் கட்டிலோடு கிடந்தாய். பிறகு அதை நீ இறக்கவே இல்லை. இந்தக் கார் ஒன்றுதான் உனக்கென்று நீ ஆரம்பித்தது. என் செய்தி தெரிந்தால் அதையும் மூடிவைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவாய். படுதா போட்டுவிட்டாய் என்று அத்தான் எழுதியதைப் படித்தபோது, சொல்லாமல் இருந்தும் அதுதானே நடந்தது என்று தோன்றியது. அவர் எழுதினார் என்று கோபிக்காதே.

ஐம்பத்தெட்டுக்கே வைத்துவிடு அக்கா. கோட்டையும் பூட்ஸையும் கழித்துக்கொள்.

உன் தம்பி

*

ஏப்ரல் 29

தம்பி,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டுக் கேட்டு நான் கண்டது என்ன?

உன் கடிதத்தைக் காலையில் டிப்போவுக்குப் போகிற வழியில் படித்தேன். முதல் ட்ரிப்பில் மூன்று ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். வண்டி முழுக்கக் கூச்சல். கண்டக்டர் வந்து, "அக்கா, யார் மேல கோவம்?" என்றார். "என் தம்பி மேல" என்றேன். அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

கோபமெல்லாம் அன்றோடு சரி. இப்போது மூன்று விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நான் அங்கே வந்து உட்காரப்போவதில்லை. அப்பா காலம் வேறு, உன் மருந்து வேறு. உன் டாக்டரோடு போனில் பேசிவிட்டேன். வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும் என்கிறார். ஒரு வேளை தவறினாய் என்று கேள்விப்பட்டேனோ, அப்போது வருவேன். எதற்கு என்று உனக்கே தெரியும்.

அடுத்தது அந்தப் படிப்பு. அப்பாவுக்காக விட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? அந்த வகுப்பே எனக்குப் பிடிக்கவில்லை. நாள் பூராவும் கோடு போடவேண்டும், போட்ட கோட்டை அழிக்கவேண்டும். விட ஒரு சாக்குக் கிடைத்தது, விட்டேன். எனக்குப் பெரிய வண்டி ஓட்டத்தான் ஆசை. இத்தனை வருடம் அதை மனசில் போட்டுக் குமைந்துகொண்டிருந்தாயா, பைத்தியக்காரா?

மூன்றாவது, படுதாவை எடுத்துவிட்டேன். நீ சொன்ன கனத்துக்கு வளையத்தைத் திருப்பி, போல்ட்டை மறுபடி தளர்த்தி இறுக்கியாயிற்று. நீ எடை ஏற ஏறத் திருப்பிக்கொள்ளலாம். அதற்குத்தானே மரை வைத்துச் செய்திருக்கிறான்.

அடுத்த வாரம் காரை நம்பர் வாங்குகிற சோதனைக்குக் கொண்டுபோகிறேன். அது தேறினால் எனக்கு நாலு நாள் லீவு பாக்கி இருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தேவலை. நிஜமாகவே தேவலை. இந்த வாரம் அறுபதரை. நர்ஸ் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், நீ இனி என் வாய்ச்சொல்லை நம்பமாட்டாய் என்று தெரியும்.

சோதனையில் கார் தேறிவிட்டது என்று அத்தான் எழுதியிருந்தார். சோதனைக்காரர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஒட்டினது யாரு?" என்று கேட்டதையும், நீ "என் தம்பி" என்று சொன்னதையும் எழுதியிருந்தார். அதை நீயே எழுதியிருக்கலாம்.

நாலு நாள் லீவு என்று நீ எதை நினைத்து எழுதினாய் என்று எனக்குப் புரிகிறது. வேண்டாம் அக்கா. ரொம்பத் தூரம், புது வண்டி, தலைக்கு மேலே கூரை கிடையாது. மழை வந்தால் தொட்டியில் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி இருக்கும். நான் குணமாகி வந்து ஏறிக்கொள்கிறேன். சொன்னால் கேள்.

உன் தம்பி

*

ஜூன் 7

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் தனியாகச் சமாளித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மனைவி பத்திரமாக வந்து சேர்ந்தாள். நான் வேண்டாம் என்று எழுதியதைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் கடிதம்?" என்றாள்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் கேட்டது. எங்கள் வார்டில் எழுந்து நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் ஜன்னலில். முகமெல்லாம் புழுதியாக, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுப்பாக, இறங்கி நின்றாள். என்னைப் பார்த்ததும் என் தோளை இரண்டு கையாலும் பிடித்து, அழுத்திப் பார்த்தாள். "பரவாயில்லை" என்றாள். அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு மணி நேரம் அனுமதி கொடுத்தார். ஏறிக்கொண்டேன். அத்தான், அந்த உயரத்தில் ரோடு வேறு மாதிரி இருக்கிறது. கையை நீட்டினால் தொடலாம் போல ஓடுகிறது. வளைவில் கார் சாயவில்லை, தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. ஆறு மாதமாகக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவனுக்கு அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் படிப்பு நிஜமாவே உனக்குப் பிடிக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"காத்து அடிக்குது, பட்டனைப் போடு" என்றாள்.

பட்டனைப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த கார் தானாக மெதுவாயிற்று. ஓரம் கட்டி நின்றது. நான் என்னவோ ஏதோ என்று அவளைப் பார்த்தேன். அவள் நேரே பார்த்துக்கொண்டு, பின்னால் ஆள் ஏறி முடிக்கக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஸ்டாப்பில் நின்ற பெரியவர் ஒருவர் பையோடு குனிந்து உள்ளே பார்த்தார். "மார்க்கெட் போகுமாம்மா?" என்றார்.

அக்கா துளிகூட யோசிக்கவில்லை. "இது போகாது, பின்னாடி வர்றது போகும்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார். நாங்கள் கிளம்பினோம். பத்தடி போன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. என் பக்கம் திரும்பினாள். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவளும் ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

அவள்தான் முதலில் நிறுத்தினாள். ரோட்டோரமாகக் காரை ஒதுக்கி எஞ்சினை அணைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"இரு, பேசாதே" என்றாள்.

எதையோ காதால் தேடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவ்வளவு சிரித்தும் எனக்கு இருமல் வரவில்லை.

பிறகு அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், புழுதி முழுக்கச் சேறாகிவிட்டது. "சரி, டாக்டர் தேடுவார்" என்று சொல்லி எஞ்சினைக் கிளப்பினாள்.

நாளை விடிந்ததும் புறப்படுகிறாள். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன், தபாலைவிட அவள் சீக்கிரம் வந்துவிடுவாள். வழியில் எங்கேயாவது பஸ் ஸ்டாப்பில் நின்றால்தான் தாமதம்.

என்றும் உங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை